பத்தாம் பிறைக்கு மறுநாள்

திங்கட்கிழமை சாயங்காலம். மஃரிப் பாங்கு முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, பக்கத்து வீட்டு ஹமீதா பானு போன் செய்தாள்.

"மேகலை, நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு போடு. மொத பஸ்ஸுக்குக் கெளம்பணும்."

"எங்கிட்டு?"

"ஆலங்குடி ரோட்டு நர்சரிக்கு. செடி வாங்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹமீதா இத்தா இருப்பவள். புருஷன் இறந்துபோனால் நாலு மாதம் பத்து நாள் அவர்கள் வாசலைத் தாண்ட மாட்டார்கள். நல்ல சேலை, நகை, பூ, மருதாணி எதுவும் கிடையாது. அந்நிய ஆண்கள் முன்னால் வருவதும் இல்லை. அந்தக் கெடு வியாழக்கிழமை சாயங்காலம் முடிகிறது என்று அவளுடைய கொழுந்தனார் அப்துல் நாசர் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கு துஆ ஓதி எல்லாருக்கும் நெய்ச்சோறு என்றும் பேச்சு.

"வியாழக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கேடி" என்றேன்.

"அது நாசருக்கு. எனக்கு இப்பத்தான் முடிஞ்சுச்சு. மிச்சத்தை பஸ்ஸுல சொல்றேன். ஒங்க வீட்டுல கடப்பாரை இருந்துச்சுல்ல? அதைத் தேடி எடுத்து வை."

வைத்துவிட்டாள். நர்சரிக்குப் போகக் கடப்பாரை எதற்கு என்று கேட்கக்கூட விடவில்லை. ஆனாலும் அன்றைக்கே மாடிப்படிக்கு அடியில் குனிந்து, ஒட்டடை எல்லாம் தலையில் அப்பிக்கொள்ள, அதை இழுத்து வெளியே போட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மணிமேகலை டீச்சருக்குக் கோபம் சட்டென்று வரும் என்று எங்கள் ஊர் கட்டுமாவடியில் எல்லாரும் சொல்வார்கள். டீச்சர் என்பதும் தப்பு, சட்டென்று என்பதும் தப்பு. எனக்குக் கோபம் எப்போதும் இருக்கிறது, சமயத்தில்தான் வெளியே தெரிகிறது.

கடந்த நாலு மாதமாக அந்தக் கோபம் முழுவதும் நாசர் மேல்தான். காரணம், தெருமுனையில் இருக்கும் ஐந்து சென்ட் தோட்டம்.

அந்த இடம் ஹமீதாவின் மஹர். நிக்காஹ்வின்போது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆக வேண்டியது மஹர். அது அவளுக்கு மட்டுமே சொந்தம், வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது. என்ன வேண்டும் என்று பெண்தான் சொல்ல வேண்டும். எல்லாப் பெண்களும் பவுன் கேட்டபோது, இருபத்திரண்டு வயது ஹமீதா கிணற்றோடு இருந்த அந்த இடத்தைக் கேட்டாள். மாப்பிள்ளை ராஜா முகமது சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம். அவருடைய அத்தா, அதாவது ஹமீதாவின் மாமனார், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஜமாஅத் பதிவேட்டில் அது எழுதியிருக்கிறது. ஆனால் பட்டா மட்டும் மாமனார் பேரிலேயே நின்றுபோனது. நம் வீட்டுக்குள்ளேதானே என்று யாரும் மாற்றவில்லை. எல்லா வில்லங்கமும் இந்த 'நம் வீட்டுக்குள்ளே'யில்தான் ஆரம்பிக்கிறது.

இருபத்தேழு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் அதைத் தோட்டமாக வைத்திருந்தார்கள். ராஜா முகமது வலைக்கும் நைலான் கயிறுக்கும் கடை வைத்திருந்தவர். கடையைச் சாத்தியதும் நேரே அங்கேதான் போவார். பங்குனி பிறந்தால் இரண்டு பேரும் நர்சரிக்குப் போய் ஏதாவது கன்று வாங்கி வருவார்கள். கார்த்திகையில் ஒருநாள் விடிகாலை நெஞ்சுவலி என்றார். அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டார்.

ஹமீதா இத்தாவில் உட்கார்ந்த முதல் வாரமே நாசர் தோட்டத்துச் சாவியை வாங்கிக்கொண்டார், பாதுகாப்புக்காம். இரண்டாவது வாரம் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார், ரிப்பேருக்காம். சவூதியில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர், இப்போது கருவாட்டு வியாபாரம். அந்த இடத்தில் குடோன் கட்டினால் எவ்வளவு வசதி என்று கடைத்தெருவில் நின்று பேச ஆரம்பித்தார். கொய்யா காய்ந்தது. எலுமிச்சை காய்ந்தது. மல்லிகைப் பந்தல் சுள்ளிக்கட்டு ஆனது. நான் இரண்டு தரம் அவர் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "நீங்க ஏங்க இதுல தலையிடுறீங்க? எங்க குடும்ப விஷயம்" என்று மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொல்கிறவர்களோடு சண்டை போடுவது பெரிய கஷ்டம். மதிலுக்கு வெளியே இருந்து குடத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஓரத்தில் நின்ற ஒரே ஒரு மருதாணியை மட்டும் காப்பாற்றினேன். அந்தப் பூட்டை அன்றைக்கே உடைக்காமல் விட்டதற்கு இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் உண்டு.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஹமீதா கண்ணாடியை முழுசாகத் தள்ளிவிட்டாள். கறுப்பு புர்காவுக்குக் கீழே பச்சைச் சேலை ஓரம் தெரிந்தது. குளித்து, தொழுதுவிட்டு வந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. காற்று முகத்தில் அடிக்க அடிக்கக் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள்.

"சொல்லு இப்ப" என்றேன்.

"பத்து நாளைக்கு முன்னாடி என் ரூம் ஜன்னலுக்கு வெளிய நின்னு நாசர் ஜேசிபிக்காரர்கிட்ட போன்ல பேசினான். 'ஒண்ணாந் தேதி புதன்கிழமை காலைல வந்து மட்டம் தட்டி அஸ்திவாரம் தோண்டிரணும். மச்சி வியாழக்கிழமை வரைக்கும் உள்ளதான் இருப்பாங்க, வெளிய வர மாட்டாங்க'ன்னான்."

மச்சி என்றால் அண்ணன் பெண்டாட்டி. எனக்குப் பஸ்ஸிலேயே எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

"புதன்கிழமைன்னா நாளைக்கு! அப்பவே சன்னலைத் தெறந்து கேக்க வேண்டியதுதானேடி?"

"கேட்டிருந்தா தேதியை மாத்தியிருப்பான். அஸ்திவாரம் போட்டு செவரு எழும்பிருச்சுன்னா யாரு இடிப்பா? பட்டாவும் மாமா பேர்ல இருக்கு. நான் பேசாம பிறையை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"பிறையையா?"

"இத்தாவுக்கு எண்ண வேண்டியது பிறை மாசம் மேகலை. அது சில மாசம் முப்பது, சில மாசம் இருபத்தொம்பது. அவரு மௌத்தானது ஜமாதுல் ஆகிர் பிறை ஒண்ணு. அந்த மாசம், ரஜப், ஷஃபான், ரமலான், நாலும் முடிஞ்சு பெருநாள் வந்துச்சா? அந்த ஷவ்வால் மாசத்துல பத்து நாள். நேத்து மஃரிபோட முடிஞ்சுச்சு. நாசர் என்ன பண்ணினான்? நவம்பர் இருபத்திமூணுன்னு போன்ல தட்டினான், மார்ச் இருபத்திமூணுக்கு நாலு மாசம்ன்னுச்சு, பத்தைக் கூட்டி ஏப்ரல் ரெண்டுன்னு அலாரம் வச்சுட்டான். பதினெட்டு வருஷம் ஆபீஸ் காலண்டரைப் பாத்த புத்தி."

நானும் ஏப்ரல் இரண்டு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

"இவன் இப்படிப் பண்ணுவான்னு தெரிஞ்சும் நீ நாலு மாசம் அடைஞ்சு கெடந்தே பாரு. அதுதான் எனக்கு ஆகலை" என்றேன். இதை அவளிடம் சொல்லக் கூடாது என்று நாலு மாதமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

அவள் கோபப்படவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "யாரும் என்னைய அடைச்சு வைக்கலடி. இருபத்தேழு வருஷம் கூட இருந்த மனுஷன். அவருக்காக நான் உக்காந்தேன். ஒரு நாள்கூடக் கொறைக்க மாட்டேன். ஆனா இவன் குடோனுக்காக ஒரு நாள்கூட கூடவும் உக்கார மாட்டேன்."

அறந்தாங்கியில் பஸ் மாறினோம். ரோட்டோரத்து முந்திரி மரமெல்லாம் பூவும் பிஞ்சுமாக நின்றது. கீரமங்கலம் தாண்டியதும் மண் சிவப்பாக மாறியது. ஹமீதா ஒரு மரம் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகக் கறுப்புக் கவர்களில் கன்றுகள். அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்த ஈர மண் வாசனை மூக்கில் ஏறியதும் ஹமீதா அப்படியே நின்றுவிட்டாள். ஒரு எலுமிச்சை இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கன்றுகளைக் கவனித்துக்கொள்ளும் முத்தாள் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தாள். "வாங்க வாங்க. வருஷா வருஷம் பங்குனி பொறந்ததுமே வந்துருவீகளே, இந்த வருஷம் லேட்டு. எங்க, ஐயா வரலியா?"

"அவரு மௌத்தாயிட்டாருங்க. நாலு மாசமாச்சு" என்றாள் ஹமீதா.

முத்தாள் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தாள். "அட கடவுளே" என்றாள். "கவரைத் தூக்கி அடியில வேரைப் பாத்துத்தான் வாங்குவாரு. வேர் சுத்திக்கிட்டா வேணாம்பாரு."

"நானும் அப்படித்தான் பாத்து வாங்குவேன். காட்டுங்க."

நேரம் இல்லையே என்று எனக்குப் பதைபதைப்பு. "ஹமீதா, சட்டுன்னு காய்க்கிறதா வாங்குவோம். பப்பாளி, வாழை, முருங்கை. ஆறே மாசத்துல தோப்பு மாதிரி ஆயிரும்" என்றேன்.

"எனக்கு என்ன அவசரம்? நான் எங்கிட்டும் போகப் போறதில்லையே" என்றாள் ஹமீதா. முத்தாளிடம் திரும்பி, "லேட்டாக் காய்க்கிறதாக் குடுங்க. எது ரொம்ப வருஷம் நிக்குமோ அது" என்றாள்.

முத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வர்றவக எல்லாம் அடுத்த வருஷமே காய்க்குமா, ரெண்டு வருஷத்துல காய்க்குமான்னுதான் கேப்பாக. லேட்டாக் காய்க்கிறதாக் குடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான். கடக்கரை மண்ணா ஒங்களுக்கு? தண்ணி உப்பா?"

"கெணறு நல்ல தண்ணி."

"அப்ப சப்போட்டா வைங்க, நெல்லி வைங்க. தென்னையைக் கேக்கவே வேணாம். பலா மட்டும் வேணாங்க. கடக்காத்துல எலை கருகிப்போகும்."

ஹமீதா ஒவ்வொரு கவராகத் தூக்கி அடியைப் பார்த்தாள். வேர் சுருண்டு கிடந்ததை எல்லாம் ஒதுக்கினாள். சப்போட்டா ஆறு, நெல்லி மூன்று, தென்னை நான்கு, நாவல் இரண்டு, எலுமிச்சை மூன்று, வேம்பு இரண்டு, பந்தலுக்கு ஒரு மல்லிகை. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு காகிதப்பூவும் எடுத்தாள். எல்லாம் எடுத்து முடித்தபிறகு, முழங்கால் உயரம் நின்ற ஒரு பலாக்கன்றின் முன்னால் போய் நின்றாள்.

"இதுல ஒண்ணு."

"நாந்தான் சொன்னேனே. ஒங்க ஊர்ல அது வராது."

"நாலு மாசம் தண்ணி இல்லாம எங்க தோட்டத்துல ஒரு மருதாணி நிக்கிதுங்க. இதுவும் நிக்கும்."

அந்த மருதாணிக்குத் தண்ணீர் ஊற்றியது நான் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், அதிலேயே அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முத்தாள் பலாக்கன்றுக்கு மட்டும் விலை போட மாட்டேன் என்றாள். "இது ஐயாவுக்காக. பட்டுப்போச்சுன்னா என்னையத் திட்டக் கூடாது" என்றாள்.

இருபத்துமூன்று கன்றுகளையும் ஒரு குட்டியானையில் ஏற்றி, முன் சீட்டில் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து ஊர் வந்து சேரும்போது மணி இரண்டு. தெருவில் வெயிலுக்குப் பயந்து ஒரு ஈ காக்காய் இல்லை. நாசர் சிமெண்டு பேசப் புதுக்கோட்டை போயிருந்தார். தோட்டத்து கேட்டில் நாசரின் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஹமீதா என்னைப் பார்த்தாள். கடப்பாரை எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நான் ஒடைச்சா கை நடுங்கும். நீ போடு" என்றாள்.

மூன்றாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. என் மகள் பன்னிரண்டாவது பாஸ் ஆனபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. உள்ளே போனோம். ஹமீதா நேரே காய்ந்த கொய்யாவிடம் போனாள். அதன் அடிமரத்தைத் தடவினாள். பிறகு புர்காவைக் கழற்றி மதில் மேல் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டாள்.

மணல் கலந்த மண், அதனால் குழி தோண்டுவது அவ்வளவு சிரமமில்லை. தண்ணீர்தான் சிரமம். மோட்டார் இல்லை. கிணற்றில் கயிறு கட்டி வாளியை விட்டு இறைத்தோம். கால்மணி நேரத்தில் என் உள்ளங்கை சிவந்து எரிந்தது. சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். ஹமீதாவைப் பார்த்ததும் ஒருத்தி, "அல்லாவே, இத்தா முடியலையே" என்று வாயில் கை வைத்தாள். ஹமீதா மண்வெட்டியை நிறுத்தாமலே பிறைக் கணக்கைச் சொன்னாள். வாயில் கை வைத்தவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், இன்னொரு தரம் எண்ணினாள், வீட்டுக்குப் போனாள். போய்க் குடத்தோடு திரும்பி வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் குடம் எடுத்தார்கள்.

பலாக்கன்றை மட்டும் ஹமீதா கடைசி வரைக்கும் வைத்திருந்தாள். அதைக் கிணற்றடியில் வைப்பாள் என்று நினைத்தேன். கேட்டுக்கு உள்ளே, நட்டநடு வழியில், மூன்று அடி தள்ளிக் குழி தோண்டச் சொன்னாள்.

"இங்கயா? வண்டி போற வழியாச்சே" என்றேன்.

"அதுக்குத்தான். வண்டி உள்ள வரணும்ன்னா இது மேல ஏறித்தான் வரணும்."

மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிக் குடம் ஊற்றினோம். நாசரின் மனைவி மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் நம்பவே இல்லையாம். "இத்தாவுல இருக்கிறவங்க எப்படி வருவாங்க? அந்தச் சத்துணவு அம்மாதான் ஆட்டம் போடும். காலைல ஜேசிபி வந்தா எல்லாம் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். பிற்பாடு அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மஞ்சள் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே பைக்கில் நாசர். கேட் விரியத் திறந்திருந்தது. உள்ளே இருபத்துமூன்று கன்று. நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல், ஹமீதா. அவளுக்குப் பக்கத்தில் கடப்பாரையோடு நான்.

நாசர் பைக்கை விட்டு இறங்கி இரண்டு எட்டு வைத்தார். ஹமீதாவைக் கண்டதும் சடாரென்று முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்படியே மதிலைப் பார்த்துக்கொண்டே, "மணிமேகலை அம்மா, மச்சியை உள்ள போகச் சொல்லுங்க. இத்தாவுல இருக்கிறவங்க இப்படித் தெருவுல வந்து உக்காரலாமா? எங்க அண்ணனுக்கு இதுதான் மரியாதையா?" என்றார்.

அவர் குரலில் உண்மையாகவே பதற்றம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். அந்த மனுஷன் பாவத்துக்குப் பயந்தவர்தான். மச்சியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்தவருக்கு, மச்சியின் நிலத்தை எடுக்கக் கூடாது என்று தெரியவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஹமீதா என் கையை அழுத்தினாள்.

"திரும்பி என்னையப் பாத்தே பேசுங்க தம்பி" என்றாள். "இத்தா முந்தாநாள் மஃரிபோட முடிஞ்சிருச்சு."

"எப்படி முடியும்? நாளைக்குத்தான் ஏப்ரல் ரெண்டு."

"அல்லா ஏப்ரல்ல எண்ணச் சொன்னானா, பிறையில எண்ணச் சொன்னானா?"

கூட்டம் கூடிவிட்டது. பள்ளிவாசலில் தொழுகை நடத்திவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஹஸ்ரத் நின்றார். நாசர் அவரைப் பார்த்ததும், காப்பாற்ற ஆள் கிடைத்ததுபோல, "நீங்களே சொல்லுங்க ஹஸ்ரத். நவம்பர் இருபத்திமூணு அண்ணன் மௌத்து. நாலு மாசம் பத்து நாள். நான் போன்லயே போட்டு வச்சிருக்கேன்" என்று போனை நீட்டினார்.

ஹஸ்ரத் போனைப் பார்க்கவில்லை. விரல் கணுக்களில் எண்ணினார். "ஜமாதுல் ஆகிர் பிறை ஒண்ணு. அடக்கத்துக்கு முன்னாடி ஜனாஸா தொழுகையை நான்தான் வச்சேன். நேத்து ஷவ்வால் பதினொண்ணு. முடிஞ்சிருச்சு நாசர். ஒங்க மச்சி கணக்குத்தான் சரி" என்றார்.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஜேசிபி டிரைவர் பிச்சைமுத்து என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். "மொதல்ல நீங்க பேசி முடிங்கண்ணே. இவ்வளவு பச்சைக் கன்னு மேல நான் ஏத்த மாட்டேன்" என்று சொல்லி டீக்கடைப் பக்கம் நடந்தார்.

நாசரின் முகம் கறுத்துவிட்டது. "இத்தா முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகுது. எடம் எங்க அத்தா பேர்ல இருக்கு. குடும்பச் சொத்து. எனக்கும் பங்கு இருக்கு" என்றார். இப்போது ஹமீதாவை நேராகப் பார்த்தே பேசினார்.

ஹமீதா வாளியை விட்டு எழுந்தாள்.

"வீட்டுல, கடையில ஒங்களுக்கு என்ன பங்கு வருதோ, ஜமாஅத் சொல்றபடி எடுத்துக்கங்க. அதுல ஒரு செங்கல்லுக்குக்கூட நான் மல்லுக்கட்ட மாட்டேன். இது பங்கு போடுற எடம் இல்லை. இது என் மஹர். பதிவேட்டுல எழுதியிருக்கு. அதுல ரெண்டு சாட்சிக் கையெழுத்து இருக்கு. ஒண்ணு, பள்ளிவாசல்ல பாங்கு சொன்ன பழைய மோதினாரு. இன்னொண்ணு யாருன்னு ஞாபகம் இருக்கா தம்பி?"

நாசர் பைக் சாவியை விரலில் சுற்றினார்.

"அப்ப ஒங்களுக்கு இருபது வயசு. புதுச் சட்டை போட்டுக்கிட்டு, நான்தான் சாட்சின்னு பெருமையா வந்து நின்னீங்க. பேனா எழுதலைன்னு ஒதறி ஒதறி மேசையெல்லாம் இங்க் ஆக்கினீங்களாம். ஒங்க அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீங்க சாட்சி சொன்ன எடத்தை நீங்களே தோண்ட வந்திருக்கீங்க. வாங்க. இந்தா கேட்டு தெறந்துதான் கெடக்கு. அந்தப் பலாக்கன்னு மேல ஏத்தி உள்ள வாங்க. நான் நகர மாட்டேன்."

அவள் கத்தவில்லை. கத்துவது என் வேலை, அன்றைக்கு எனக்கு வேலையே இல்லாமல் போனது. ஹஸ்ரத் நாசரின் தோளில் கை வைத்து, "பதிவேடு பள்ளிவாசல்லதான் இருக்கு. வாங்க, எடுத்துப் பாத்துருவோம்" என்றார். நாசர் போகவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பலாக்கன்றை ஒரு தரம் பார்த்துவிட்டு, பைக்கைத் திருப்பினார்.

"தம்பி" என்று கூப்பிட்டாள் ஹமீதா. "மோட்டார் ரிப்பேர் முடிஞ்சிருக்கும். நாளைக்குக் கொண்டாந்து மாட்டிருங்க. கன்னுக்குத் தண்ணி வேணும்."

கொண்டுவர மாட்டார் என்று நான் அடித்துச் சொன்னேன். நாசர் கிளம்பிப் போன பிறகுதான் ஹமீதா என் மேல் சாய்ந்துகொண்டு, தெரு பார்க்கிறது என்றுகூட நினைக்காமல் அழுதாள். அவர் இறந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் மாஹிராவிடம், "ஒங்க அத்தா தோட்டம் பத்திரமா இருக்கு" என்று சொன்னாள். அப்புறம் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற எங்கே மனு கொடுப்பது என்று விசாரிக்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாசர் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு மோட்டாரைத் தூக்கி வந்து கிணற்றடியில் இறக்கினார். போனையும் சாவிக்கொத்தையும் கிணற்றுச் சுவர் மேல் வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டி, ஸ்பானரோடு உட்கார்ந்தார். ஆளை வைத்துச் செய்திருக்கலாம். தானே செய்தார். அதற்காக மட்டும் அவர் மேல் இருந்த கோபத்தில் கால்வாசியைக் குறைத்துக்கொண்டேன்.

ஹமீதாவும் நானும் வாளியில் இறைத்துப் பலாக்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். மேல் இலை ஒன்று லேசாகத் தொங்கியிருந்தது, மற்றது எல்லாம் நிமிர்ந்துதான் நின்றது. ஹமீதாவின் உள்ளங்கை செக்கச்செவேல் என்று இருந்தது. முந்தின நாள் அந்த ஓரத்து மருதாணியைப் பறித்து அரைத்து, எனக்கும் வைத்துவிட்டு அவளும் வைத்துக்கொண்டாள். தெருவில் இரண்டு பேர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் கையை மறைக்கவில்லை.

பாங்கு சொல்லப் போகிற நேரம். சுவர் மேல் கிடந்த நாசரின் போன் திடீரென்று அலறியது. அவர் கை முழுக்கக் கிரீஸ். எடுக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். நல்ல பெரிய எழுத்து. சத்தமாகவே படித்தேன்:

"மச்சி இத்தா முடியுது."

நாசர் ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஹமீதா வாளியை மெதுவாகச் சாய்த்து, மிச்சத் தண்ணீர் முழுவதையும் பலாக்கன்றின் அடியில் ஊற்றினாள். பிறகு சிவந்த கையால் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அணைச்சிருங்க தம்பி. நான் வெளிய வந்து மூணு நாளாச்சு."